வெற்றிலைப் பையில் புகுந்த புகையிலை: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் ஒரு நோயின் வரலாறு

மதுரைக்குப் புறத்தே ஆயர் சேரியில் கோவலன் உண்டு முடித்ததும், கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் அளித்தாள் என்று சிலப்பதிகாரம் கூறுகிறது. தமிழாசிரியர்கள் வகுப்பில் பலமுறை நடத்திய பகுதி அது. அந்தத் தாம்பூலத்தில் புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக அது இந்தியக் கரையை அடைந்தது 1600-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு என்ற மூன்றோடு நான்காவதாக இது சேர்ந்தது தமிழர் உணவுப் பழக்கத்தில் பிற்காலத்து நிகழ்ச்சியே ஆகும்.

புதிய பொருளுக்குக் கிடைத்த வரவேற்பை அறிய விரும்புவோர் சீனிச்சர்க்கரைப் புலவர் பாடிய 'புகையிலை விடு தூது' என்னும் சிறு நூலைப் பார்த்தாலே போதும். டாக்டர் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல் அது. பழனி முருகனிடம் தூது செல்லப் புகையிலையைத் தேர்ந்த அப்புலவர், மும்மூர்த்திகளைப் பற்றிய கதையொன்றைக் கொண்டு அதற்குப் 'பிரமபத்திரம்' என்ற பெருமையையும் ஏற்றுகிறார். வேடிக்கை கலந்த பாட்டுத்தான். எனினும் அன்னமும் கிளியும் மேகமும் பெற்றிருந்த இடத்தை வந்தேறிய ஓர் இலை பிடித்துக்கொண்டது என்பது கருதத்தக்கது. விருந்தில் தட்டில் வைத்து நீட்டும் மங்கலப் பொருள்களோடு அதுவும் இருந்தமையால், அதை யாரும் ஐயுறவில்லை.

இவ்வாறு புகையிலை குடிபுகுந்த வெற்றிலைப் பையை இடுப்பிற் செருகிக்கொண்டுதான் தமிழர் மலாயாவிற்குக் கப்பலேறினர். திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் திரட்டிய கூட்டம் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கிலோ கிள்ளானை அடுத்த துறைமுகத்திலோ இறங்கும். 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் இப்போக்குவரத்து பெருகிற்று. கோலசிலாங்கூர் மாவட்டம் அதற்குமுன் ஆற்று முகத்துவாரத்துக் கோட்டையாலும் சுல்தான்களின் பழைய இருப்பிடம் என்பதாலும் அறியப்பட்டது. 1784-இல் டச்சுக்காரர் பிடித்த மலாவத்திக் குன்று இன்றும் அங்கே இருக்கிறது. ரப்பர் வந்தபின் ஆற்றின் இருமருங்கும் காடு திருத்தப்பட்டு, ஈஜோக், ஜெரம், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டங்கள் எழுந்தன. கிழக்கே உலு சிலாங்கூரில் களும்பாங் வரை இதே கதைதான். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டம் ஒரு தனிச் சிறப்புடையது. ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1917-இல் அங்கே செம்பனை பயிரிட்டார். வாணிகத்திற்காகச் செம்பனை பயிரான முதல் தோட்டம் இந்நாட்டில் அதுவே. அவர் பின்னர் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி, 1930-இல் கோங்கூர் பரிசும் பெற்றார். தோட்டத்தின் பெயர் தமிழ் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தோட்ட வாழ்வில் வெற்றிலை பாக்கு விருந்துக்குரிய பொருள் என்ற நிலையிலிருந்து வேலைக்குரிய பொருள் என்ற நிலைக்கு மாறிற்று. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போகவேண்டும். பால் இறங்குவது காலைக் குளிர்ச்சியில்தான். ஆதலின் மரம் வெட்டும் வேலை வெயில் ஏறுமுன் முடிந்தாக வேண்டும். வெட்டுக் கத்தியும் வாளியும் சுமக்கும் கைகளுக்குச் சுருட்டுப் பிடிக்க ஓய்வில்லை. கன்னத்தில் அடக்கிய புகையிலைக்குக் கை வேண்டா. பசியை அது மந்தப்படுத்தும், உறக்கத்தை விரட்டும், பல்வலிக்கும் சிறிது மரத்துப்போகும். இன்னொன்றும் உண்டு. பெண் சுருட்டுப் பிடிப்பதைப் பழிக்கும் சமூகம், அவள் வெற்றிலையோடு புகையிலை போடுவதைப் பழிக்கவில்லை. ஆணும் பெண்ணுமாக வேலைக்குப் போன தோட்டத்தில் இருபாலாருக்கும் பொதுவாக இருந்த புகையிலைப் பழக்கம் இது ஒன்றே எனலாம். பிற்காலத்துக் கணக்குகளில் இந்தியப் பெண்களின் பங்கு ஏன் அவ்வளவு பெரிதாயிற்று என்பதற்குக் காரணம் பெரிதும் இங்கேயே கிடக்கிறது.

தோட்டத்து ஆஸ்பத்திரிகள் எதற்காக ஏற்பட்டன என்பதையும் பார்க்க வேண்டும். மால்கம் வாட்சன் 1901-இல் கிள்ளானில் மருத்துவராகப் பொறுப்பேற்றபோது மலேரியாக் காய்ச்சல் ஆட்களை வாரிக்கொண்டு போயிற்று. சதுப்பு நிலத்தை வடித்துக் கொசுவை ஒழித்த அவர் பணி உலகப் புகழ் பெற்றது. கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் மலேரியாவையும் பெரிபெரியையும் ஆராய்வதிலேயே முதல் ஆண்டுகளைச் செலவிட்டது. தோட்டத்து டிரசர் அறிந்தவையும் காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு, புண் ஆகியவையே. கொயினா மாத்திரையும் பேதி மருந்தும் அவர் கையில் இருந்தன. வாயில் ஒரு வெள்ளைத் தழும்பு என்று ஒருத்தி வந்து நின்றால் களிம்பு தடவுவதைத் தவிர வேறு என்ன செய்திருக்க முடியும்? அவரைக் குறை கூறுவதற்கில்லை.

ஆனால் கடலுக்கு அப்பால் தமிழகத்தில் இந்நோய் அறியப்படாத நோயாக இருந்ததில்லை. சென்னைப் பொது மருத்துவமனையில் நிப்ளாக் என்பவர் இந்தியாவில் காணும் புற்றுநோயைப் பற்றி 1902-லேயே எழுதினார். இதனினும் முக்கியமானது நெய்யூர். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள அவ்வூர் 1956 வரை திருவிதாங்கூர்ப் பகுதியைச் சேர்ந்திருந்தது. லண்டன் மிஷன் 1838-இல் அங்கே தொடங்கிய மருத்துவமனைக்கு வாயில் புண்ணோடு வந்தவர்கள் கணக்கற்றவர்கள். 1908-இல் பென்டால் என்னும் மருத்துவர் அங்கு வந்த 1,700 புற்றுநோயாளரைப் பற்றிப் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் தொகுத்து எழுதினார். அதே ஆண்டில், அதே பத்திரிகையில், ஃபெல்ஸ் என்பவர் வாய்ப்புற்றுக்குச் செய்த 209 அறுவைகளை ஆய்ந்து எழுதினார். எவரெஸ்ட் ஏறும் முயற்சியில் 1922-லும் 1924-லும் பங்குகொண்ட சாமர்வெல், பின்னர்ப் பல்லாண்டுகள் கத்தி பிடித்த மருத்துவமனையும் இதுதான். 1933-இல் ஐயன் ஓர் என்ற மருத்துவர், வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றைப் பற்றி லான்செட் பத்திரிகையில் கட்டுரை வரைந்தார். கலவையில் சேரும் புகையிலையின் மீது அவர் விரல் நீட்டினார். எந்தக் கன்னத்தில் அதை அடக்கும் வழக்கமோ அந்தக் கன்னத்திலேயே புற்று எழுவதை நெய்யூரில் பணிசெய்தோர் கண்கூடாகக் கண்டனர்.

பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையும் லான்செட்டும் மலாயாவில் இருந்த ஆங்கில மருத்துவர்களுக்கு எட்டாத ஏடுகளா? மலேரியாவைப் பற்றி அவற்றில் ஒரு வரி வந்தால் கிள்ளானில் அதைப் படித்தார்கள். பின் ஏன் வாய்ப்புற்றைப் பற்றித் தோட்டங்களில் அரை நூற்றாண்டுக் காலம் பேச்சில்லை?

விடை, ஆள் சேர்த்த முறையில் இருக்கிறது. கங்காணி திரட்டியது இளைஞரை. புற்றுநோயோ பல்லாண்டுப் பழக்கத்தின்பின் நடுவயதிலும் முதுமையிலும் தலைகாட்டுவது. மூப்பெய்தியவரும் வேலைக்கு உதவாத நோயாளியும் குடியேற்ற நிதியின் செலவில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1930-ஐ ஒட்டிய விலைவீழ்ச்சிக் காலத்தில் பல்லாயிரவர் இவ்வாறு கப்பலேற்றப்பட்டனர். தோட்டம் பழக்கத்தின் ஆண்டுகளை வைத்துக்கொண்டது. நோயின் ஆண்டுகளை இந்தியாவிற்கு அனுப்பிவிட்டது. தஞ்சை மாவட்டத்துக் கிராமமொன்றில் திண்ணையில் கிடந்து இறந்த ஒருவரின் நோய், ஈஜோக் தோட்டத்துப் பதிவேட்டில் எப்படி ஏறும்?

1938-இல் இந்திய அரசு, தொழிலாளர் உதவி பெற்று மலாயா செல்வதைத் தடை செய்தது. பின்னர் உலகப் போர் வந்தது. போருக்குப்பின் தோட்டத்தில் எஞ்சியவர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே முதுமையடைந்த முதல் பெருந்தலைமுறை ஆனார்கள். நோய் புலப்பட்டதும் அப்போதுதான். ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கூற்று அறிஞர் மார்ஸ்டன் மலாயாப் புற்றுநோயின் இன, இட வேறுபாடுகளைப் பற்றி 1958-இல் ஆய்வுரை வெளியிட்டார். சீனருக்கு மூக்கின் பின்புறத்துத் தொண்டையில் புற்று மிகுதி. இந்தியருக்கு வாயில் மிகுதி. 1960-இல் சிங்கப்பூரில் மியூர், கர்க் என்னும் இருவர் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று ஆகியவற்றின் தொடர்பை ஆய்ந்து எழுதினர். 1976-இல் ராமநாதனும் லட்சுமியும் மேற்கு மலேசியக் கணக்கை வெளியிட்டபோது, மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்கினரான இந்தியர், வாய்ப்புற்று நோயாளரில் பாதிக்கு மேற்பட்டவராக இருந்தது தெரிந்தது.

வாய்ப்புற்றின் கதை இவ்வாறு தாமதமாகவேனும் எழுதப்பட்டது. புகையிலையின் வேலை வாயோடு நின்றுவிடவில்லை. மென்ற சாற்றில் ஒரு பகுதி விழுங்கப்படுகிறது. ஒரு பகுதி வாய்த்தோலின் வழியே குருதியில் கலக்கிறது. புகையிலையைப் பக்குவப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரோசமீன் என்னும் நச்சுப்பொருள்களுள் ஒன்றை எலிகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் கணையத்தில் கட்டிகள் எழுந்தன. லியோனில் உள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், புகையாது மெல்லும் புகையிலை வாயில் மட்டுமன்றிக் கணையத்திலும் புற்றை உண்டாக்கும் என்று 2007-இல் வெளியிட்ட நூலில் முடிவு கூறிற்று. 2012-இல் உணவுக்குழாயையும் சேர்த்து அதை உறுதி செய்தது. கணையப் புற்றுக்கு வேறு காரணங்களும் உள. புகைத்தல், உடற்பருமன், பரம்பரை, நெடுநாள் கணைய அழற்சி என அவை விரியும். ஆயினும் கன்னத்தில் அடக்கிய அதே இலை அப்பட்டியலில் இருக்கிறது என்பதே தோட்டத்து வரலாற்றுக்கு வேண்டிய செய்தி.

கணையம் இரைப்பையின் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கும் உறுப்பு. கைக்கு எட்டாது, கண்ணுக்குத் தெரியாது. அதன் தலைப்பகுதியில் எழும் கட்டி பித்தநாளத்தை அடைத்தால் உடல் மஞ்சளிக்கும். வலியின்றி மஞ்சள் ஏறி, பித்தப்பை வீங்கித் தட்டுப்பட்டால் அது கல்லினால் வந்த அடைப்பாக இருப்பது அரிது என்று சுவிட்சர்லாந்தின் கூர்வாசியே 1890-லேயே காட்டினார். ஆனால் லயத்தில் மஞ்சள் கண்டால் மஞ்சட்காமாலை, காமாலைக்குக் கீழாநெல்லி. ஈரல் அழற்சியால் வந்த காமாலை தானாகவே தணிவதுண்டு. அப்பெருமை கீழாநெல்லிக்குச் சேர்ந்துவிடும். அடைப்பால் வந்த காமாலை எந்த அரைப்பிற்கும் தணியாது. நியூயார்க்கின் விப்பிள் இப்பகுதிப் புற்றுக்குப் பெரிய அறுவையொன்றை 1935-இல் வெளியிட்டார் என்றாலும், கட்டியை முன்னதாகக் கண்டறியும் வழி அன்று இல்லை. உடலைக் குறுக்குவெட்டாகப் படம் பிடிக்கும் கருவியால் முதல் நோயாளியைப் பார்த்ததே 1971-இல்தான், அதுவும் தலையை. அதற்கு முன்னர்க் கணையப் புற்று என்பது, வயிற்றைத் திறந்தாலோ இறந்தபின் அறுத்தாலோ தெரியக்கூடிய நோய். தோட்டத்தில் இறந்தவரை அறுத்துப் பார்ப்பதற்கு யார் இருந்தார்கள்? ஏட்டில் 'வயிற்று நோய்' என்றோ 'முதுமை' என்றோ ஒரு சொல் விழுந்திருந்தால் அதுவே அதிகம்.

இந்நோய் நரம்பை நாடிச் செல்லும் இயல்பை இங்கே சற்று விரித்துச் சொல்லலாம். தமிழில் இதற்குப் புற்று என்று பெயர் வைத்தவர்கள் கறையான் புற்றை எண்ணி வைத்தார்கள். கிரேக்கர் நண்டு என்றார்கள். வெளியே தெரியும் மேட்டைவிட உள்ளே ஓடும் பாதைகள் நீண்டவை என்ற கருத்தை நண்டைவிடக் கறையான் புற்றே நன்றாகக் காட்டுகிறது. அறுவையில் எடுத்த கணையக் கட்டிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், மிகப் பெரும்பாலானவற்றில் நரம்பைச் சூழ்ந்த உறைக்குள் புற்று அணுக்கள் ஊர்ந்து சென்றிருக்கும். கணையத்திற்குப் பின்னே, முதுகெலும்பின் முன்பக்கத்தில், வயிற்றுறுப்புகளின் நரம்புகள் கூடும் பின்னல் ஒன்று உண்டு. புற்று அதைத் தொட்டால் வலி வயிற்றிலிருந்து முதுகைத் துளைத்துக்கொண்டு போகும். மல்லாந்து படுத்தால் மிகும், முன்குனிந்து உட்கார்ந்தால் சிறிது குறையும். நாள்தோறும் பால்வாளி சுமந்தவரும் பனங்குலை தூக்கியவரும் முதுகுவலி என்று சொன்னால் அது வேலையால் வந்த வலி என்றே எவரும் கொள்வர். ஜெர்மானியராகிய கப்பிஸ் இந்நரம்புப் பின்னலுக்கு ஊசி மருந்து செலுத்தி மரக்கச் செய்யும் முறையை 1914-இல் விளக்கினார். அம்முறை, திருத்தங்களோடு, கணையப் புற்றின் வலி தணிக்க இன்றும் பயன்படுகிறது.

இது உறுப்பை அடுத்த நரம்புகளின் நிலை. மூளையும் தண்டுவடமும் ஆகிய நடு நரம்பு மண்டலத்தைக் கணையப் புற்று எட்டுவது மிக அரிது. நூறு நோயாளருள் ஒருவருக்குக்கூட வருவதில்லை. காரணம் குருதியின் வழி. கணையத்திலிருந்து திரும்பும் குருதி முதலில் ஈரலுக்குப் போகிறது. அங்கிருந்து இதயம், நுரையீரல், மீண்டும் இதயம் என்று கடந்த பிறகே மூளைக்கு ஏறும். வழியில் இருக்கும் ஈரலும் நுரையீரலும் புற்று அணுக்களைப் பிடித்துக்கொள்கின்றன. தவிர, ஏறிய இடத்திலெல்லாம் புற்று முளைத்துவிடாது. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, விதைக்கேற்ற மண் வேண்டும் என்ற கொள்கையை 1889-இல் வெளியிட்டார். மூளைக்குப் போகுமுன்னே நோயாளி இறந்துவிடுவதும் ஒரு காரணம். 2011 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையால் சிலருடைய வாழ்நாள் நீண்டிருக்கிறது. அதனாலேயே தலைவலி, வாந்தி, வலிப்பு, ஒருபக்க வாதம் ஆகியவற்றோடு மூளையிலோ மூளை உறையிலோ இந்நோயைக் காணும் வாய்ப்பும் ஓரளவு கூடியுள்ளது.

வாய்ப்புற்றுக்கும் இந்நரம்பு வழி உண்டு என்பதை மறந்துவிடலாகாது. கீழ்த்தாடை எலும்பினுள் ஓடும் நரம்பின் உறையைப் பற்றிக்கொண்டு அது பின்னோக்கிச் சென்று, மண்டையோட்டின் அடித்தளத்துத் துளை வழியாக உள்ளே புகக்கூடும். கன்னத்துப் புண்ணோடு வந்தவர் கீழுதடும் மோவாயும் மரத்துப்போயின என்று சொன்னால் மருத்துவர் முகம் மாறுவது இதனால்தான்.

கணையத்தைப் பொறுத்துத் தோட்டத்து முதியோரிடம் இன்னொரு திரையும் விழுந்திருக்கிறது. நடுவயதுக்கு மேல் திடீரென்று தோன்றும் நீரிழிவு, உடல் மெலிவோடு சேர்ந்து வந்தால், சிலரிடத்தில் கணையப் புற்றின் முதற்குறியாக இருக்கும். மலேசிய மக்களுள் நீரிழிவு மிகுந்தவர்கள் இந்தியரே ஆதலின், புதிதாகச் சர்க்கரை கண்டது என்றால் வீட்டில் யாரும் வியப்பதில்லை. மெலிந்தாலும் சர்க்கரையால் மெலிந்தார் என்பர்.

1993, 1994 ஆண்டுகளில் மலேசியா முழுவதும் 11,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் வாயைப் பல்மருத்துவர்கள் சோதித்தார்கள். புற்றுக்கு முன்னோடியான தழும்புகள் வெற்றிலை போடுவோரிடமும், இனவரிசையில் இந்தியரிடமும் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். அதன்பின் சுகாதார அமைச்சு, பல்மருத்துவக் குழுக்களைத் தோட்டங்களுக்கே அனுப்பி வாய்ச் சோதனை நடத்தலாயிற்று. அதற்குள் தோட்டங்களின் நிலையும் மாறிவிட்டது. பத்தாங் பெர்ஜுந்தை 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் பெற்றது. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை பல இடங்களில் வீட்டு மனையாயிற்று. புக்கிட் தாகார், மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டங்களின் பழைய தொழிலாளர் குடியிருப்புரிமைக்காகப் பல்லாண்டு போராட நேர்ந்தது. லயத்தில் ஓரிடத்தில் கூடியிருந்தவர்களைத் தேடிப் போவது எளிது. அடுக்கு வீடுகளிலும் புறம்போக்குகளிலும் சிதறியவர்களைத் தேடுவது அப்படியன்று.

பாக்கின் மீதும் இதற்கிடையில் தீர்ப்பு வந்துவிட்டது. 1985-இல் லியோன் நிலையம் புகையிலை சேர்ந்த வெற்றிலைக் கலவையை மட்டுமே புற்று விளைப்பது என்றது. 2004-இல் அதே நிலையம் புகையிலை சேராத கலவையும், பாக்குத் தனியாகவும், புற்று விளைக்கும் என்று திருத்திக் கூறிற்று. ஆகவே புகையிலையைத் தள்ளிவிட்டுக் கண்ணகியின் தாம்பூலத்திற்குத் திரும்பிவிடலாம் என்ற வழியும் அவ்வளவு நேரானதன்று. மங்கல நாளில் ஒருமுறை போடுவதும், கண்விழித்தது முதல் உறங்கும்வரை கன்னத்தில் அடக்குவதும் அளவில் வேறு என்பது மட்டுமே அதற்குச் சொல்லக்கூடிய சமாதானம். தோட்டத்திற்கு வரும் பல்மருத்துவக் குழு ஒரு விளக்கையும் சிறு கண்ணாடியையும் கொண்டு கன்னத்தின் உட்புறத்தைப் பார்த்துவிடுகிறது. அறிகுறி தோன்றுமுன் ஊர்மக்கள் எல்லோரிடமும் கணையத்தை அவ்வாறு பார்த்தறியும் சோதனை எந்த நாட்டிலும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை.